தட்டை அறுக்காத கழனி

எதையும் தேதி போட்டு எழுதுவதே என் பழக்கம். இதற்கு மாதம்தான் நினைவிருக்கிறது, தேதி இல்லை. ஐம்பதுகளின் கடைசி, கார்த்திகை.

திண்டிவனத்துக்கு மேற்கே எங்களுக்கு ஒரு துண்டு மானாவாரி நிலம் இருந்தது. ஆடியில் கம்பு விதைக்கும்போது சில சாலுக்கு ஒரு சால் துவரை போடுவோம். கம்பு ஐப்பசியில் கதிருக்கு வந்துவிடும். துவரை தை வரை நிற்கும். வருஷம் முழுக்க எங்கள் குழம்புக்கு அதுதான் பருப்பு.

ஊரில் முன்பு எல்லோரும் இப்படித்தான் விதைத்தார்கள். அதனால் தை அறுப்பு முடியும் வரை ஆடுகள் கழனிப் பக்கம் வராது. எண்ணெய் ஆலைக்காரர்கள் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தேடி வரத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கம்பையும் துவரையையும் கைவிட்டார்கள். மல்லாட்டை கார்த்திகையிலேயே பிடுங்கியாகிவிடும். பிறகு எருவுக்காக ஆட்டு மந்தையைக் கழனியில் அடைக்கும் கிடை. எங்கள் துவரை மட்டும் நடுவில் பூத்து நின்றது; ஆடு புகுந்தால் மிஞ்சாது.

பக்கத்துக் கழனிக்காரர் கிடைக்குச் சொல்லி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னா தம்பி, ஊரே மல்லாட்டை புடுங்கி முடிச்சிட்டுது. நீ ஒருத்தன் தொவரைய நிக்க வச்சிக்கினு ஆட்டையெல்லாம் பட்டினி போடுறியே!"

"ஆடு பட்டினி கெடந்தா கேக்க நீங்க இருக்கீங்கண்ணே. நான் பட்டினி கெடந்தா யாரு கேப்பாங்க?"

அன்று மாலையே ஊர்க்கூட்டம். பெரியவர் வழக்கத்தைச் சொன்னார்: "தட்டை அறுத்த கழனி பொதுதான்பா. ஒருத்தன் தொவரைக்காக மேய்ச்சல தடுக்கக் கூடாது."

எங்கள் நிலத்தில் கதிரை மட்டும்தான் கொய்திருந்தோம். மாட்டுத் தீனிக்கான கம்பந்தட்டை இன்னும் நின்றது. வாரக் கடைசியில் அறுப்பதாக இருந்தோம்.

"அப்ப தட்டை நிக்கிற கழனி?" என்றேன்.

"அது வெள்ளாமை நிக்கிற கழனி. அதுல எவனும் ஆடு வுட முடியாது."

"சரிங்க. நான் தையிலதான் அறுப்பேன்."

சிரித்தார்கள். "மழையில அழுவிப் போவும்டா! மாட்டுக்கு இன்னா, உன் வேட்டியயா போடுவ?" என்றார் பக்கத்துக் கழனிக்காரர்.

வீட்டில் சிரிப்புகூட இல்லை. "ஊர்ல சவால் வுட்டுட்டு வந்துட்டீங்க. ஏரிக்கரைல புல்லு அறுக்கப் போறது யாரு?" என்றாள் என் மனைவி. இருவருமே போனோம். கார்த்திகை மழையில், முழங்கால் சேற்றில். மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. பக்கத்துக் கழனிக்காரர் சொன்னபடியே தட்டை கறுத்து, பாதி சாய்ந்தது. சாய்ந்ததை நிமிர்த்திக் கட்டினோம். வேலி மாதிரி அல்ல, பயிர் மாதிரி. சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இதைப் பிடிவாதம் என்று பின்னாளில் என்னிடம் சொன்ன படித்தவர்கள் உண்டு. இருக்கலாம். ஊர் தன் பயிரை மாற்றிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மாற்றாமலிருக்க நான் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

தையில் துவரை அறுத்துக் கட்டுகளை வண்டியில் ஏற்றினோம். பிறகுதான் தட்டையில் அரிவாள் வைத்தேன். மாடு மோந்துகூடப் பார்க்காது, அடுப்புக்குத்தான் ஆகும். வரப்பில் கிடைக்காரர் காத்திருந்தார்.

"இப்பனா ஓட்டலாமாங்க?"

"ஓட்டுப்பா. ஜல்தியா ஓட்டு."

உதிர்ந்த துவரை இலையை ஆடுகள் மொய்த்துத் தின்றன. அதை நாங்கள் என்றைக்கும் மறுத்ததில்லை.


வரும் ஆடிக்கு விதைத்துவரையாக, கட்டுகளில் திரண்ட காய்களை அன்றிரவே மனைவி தனியாகப் பறித்து வைத்தாள்.