அமலா பார்த்த சிவப்பு

அமலா மராட்டியப் பக்கம் வானவடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். கணவர் ஆரோக்கியசாமி கட்கியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வீடு அதற்குப் பக்கத்தில் போபோடியில். 2006 ஜூனில் ஒரு காலை, முகம் மழித்துக்கொண்டிருந்தவரின் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. அப்படியே விழுந்தார்.

மறுநாள் அமலாவின் மிஷினிலேயே அவரைப் படுக்க வைத்தார்கள். வேறு ஆள் பார்க்கட்டும் என்று சென்டரின் டாக்டர் சுஷ்மா சொல்லியும் அமலா கேட்கவில்லை. ஊசியாவது தன் கையால் போகட்டும் என்று நினைத்தாள்.

சாதாரணப் படங்களில் கட்டி சாதுவாகத் தெரிந்தது. மெதுவாக வளரும் வகையாக இருக்கலாம், பத்து வருடம்கூட ஓடும் என்றார் டாக்டர். மிச்சமிருந்தது பெர்ஃப்யூஷன். மருந்தை நரம்பில் வேகமாகச் செலுத்தி, மூளையில் எங்கே எவ்வளவு ரத்தம் பாய்கிறது என்று பார்ப்பது. ரத்தம் மிகுந்த இடம் திரையில் சிவப்பாக வரும். கட்டி சிவந்திருந்தால் பெரும்பாலும் அது வேகமாக வளர்கிற ஜாதி. அப்படிப்பட்டவர்கள் இரண்டு, மூன்று ஸ்கேனுக்கு வருவார்கள், பிறகு வரமாட்டார்கள்.

திரையில் கட்டியின் ஓரம் முழுக்கச் சிவப்பு.

கட்டியின் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி வராமல் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதையே அமலாவும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வார்டில் ஆரோக்கியசாமி கேட்டார். "நீ பாத்தியே, எப்படி இருந்துச்சு?"

"டாக்டர்தாங்க சொல்லணும்."

"ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறவ. உனக்குத் தெரியாதா?"

அவள் அவர் கையிலிருந்த பிளாஸ்டரை அழுத்தி ஒட்டினாள். அது நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

ஆபரேஷன் நடந்தது. வேகமாக வளர்கிற ஜாதி என்றே பயாப்ஸியும் சொன்னது. கதிர்வீச்சு, மாத்திரைகள். எட்டு மாதம் கழித்து ஸ்கேனில் புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு. கதிர்வீச்சின் புண்ணாகவும் இருக்கலாம், கட்டி திரும்பியதாகவும் இருக்கலாம், பெர்ஃப்யூஷன் எடுத்தால் ஓரளவு தெரியும் என்றார்கள்.

ஆரோக்கியசாமிக்கு அப்போது வார்த்தைகள் சிக்கிச் சிக்கித்தான் வந்தன. "தெரிஞ்சா... வைத்தியம் மாறுமா?"

அமலா டாக்டரிடம் போய்க் கேட்டாள். இனிப் பெரிதாக மாறாது என்றார். அதை அவரிடம் வந்து சொன்னாள்.

"அப்ப வேணாம்," என்றார் ஆரோக்கியசாமி.

அவளுக்கோ பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. பார்த்து என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. ரிக்ஷா பிடித்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

2007 செப்டம்பரில், தெருவில் கணபதி ஊர்வலத்தின் மேளம் போய்க்கொண்டிருந்த மதியம் அவர் இறந்தார். மூன்று வாரத்தில் அமலா வேலைக்குத் திரும்பினாள். ஸ்கேன் எடுப்பாள், மருந்தும் செலுத்துவாள். பெர்ஃப்யூஷன் வண்ணப்படம் போடுவதை மட்டும் இன்னொரு டெக்னீஷியன் தருணிடம் விட்டுவிட்டு வெளியே போய் நிற்பாள்.