ருசி பார்க்காத சுண்டல்

"சர்க்கரை இன்னும் வரலைம்மா, பார்டர்ல இருக்கீங்க. சாப்பாட்டை மாத்திட்டா மாத்திரையே வேண்டாம்" என்றார் டாக்டர். இதற்காகவே என்னை மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு இழுத்துப் போயிருந்த மகள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாளைக்குத் தண்ணி லாரி வராது என்று ஃப்ளாட் வாசலில் எழுதிப் போட்டால் எப்படிப் படித்துவிட்டுப் போவேனோ, அப்படிக் கேட்டுக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

டயட்டீஷியன் சின்னப் பெண். சாதம் ஒரு கரண்டி, தட்டில் பாதி காய், காபிக்குச் சர்க்கரை கிடையாது, சாயங்காலம் முறுக்கு தட்டைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் என்றாள். "முதல் மாசம்தாம்மா கஷ்டம். பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிட்டீங்கன்னா பழகிடும்."

பல்லைக் கடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவர் போன நாளிலிருந்து என் நாக்குக்கு எதுவும் ருசிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. சர்க்கரை போடாத முதல் காபி, முந்தின நாள் காபி மாதிரியேதான் இருந்தது. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் காபி என்றாலே சண்டை. ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போதாது என்று டம்ளரை நீட்டுவார். "அது நாக்கா, வெல்ல மண்டியா?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் ஒரு ஸ்பூன் போடுவேன். இப்போது சர்க்கரை டப்பாவை மேல்தட்டில் ஏற்றி வைத்துவிட்டேன்.

அடுத்த ரிப்போர்ட்டில் அளவு இறங்கியிருந்தது. டாக்டர் மெச்சினார். மகள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். ஃப்ளாட்டில் ஒருத்தி விடாமல் வந்து, "எப்படி மாமி இப்படி நாக்கைக் கட்டினேள்?" என்று கேட்டார்கள். நாக்கைக் கட்டுவதாவது, மண்ணாங்கட்டியாவது. மரக்கட்டைக்கு என்ன பத்தியம்? பழகிடுத்து என்று சொல்லி அனுப்பினேன். உடம்பு தேறியதில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், எழுந்தேன்.

நவராத்திரி வந்தது. போன நவராத்திரியின்போது அவருக்கு வருஷம் திரும்பியிருக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இந்தத் தடவை எதிர் ஃப்ளாட்டுப் பெண் வந்து நின்றாள். தரமணியில் வேலை, ஊரிலிருந்து மாமியார் வந்து கொலு வைத்திருந்தாள். "தினம் உங்காத்து சுண்டல் வாசனை எங்காத்துக்கு வரது மாமி. வெள்ளிக்கிழமை நிறையப் பேர் வரா. எனக்கு லீவு கிடைக்கலை, மாமியாரால ஒத்தையா முடியாது. நீங்க பண்ணித் தருவேளா?"

கொத்துக்கடலையை முதல் நாளே ஊறப்போட்டேன். பெருங்காயம், தேங்காய், கடைசியில் கொஞ்சம் மாங்காய்த் துருவல். நைவேத்தியத்துக்குப் பண்ணுவதை ருசி பார்க்கக்கூடாது. பார்த்தாலும் எனக்கு என்ன தெரியப்போகிறது, சௌகரியமாகப் போயிற்று. பாத்திரத்தை அந்த மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்து, முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டேன். ஏன் மாற்றினேன் என்று யோசிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த மாமியார் குங்குமச்சிமிழோடு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டு மணியை அடித்தாள். "எங்காத்துல கொலு வெச்சிருக்கோம். வந்து வெத்தலை பாக்கு வாங்கிண்டு போங்கோ." அப்புறம் என் வாசலைத் தாண்டி மாடிப்படி ஏறினாள். நான் கூடத்தில் உட்கார்ந்து காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாட்டெல்லாம் ஓய்ந்த பிறகு அந்தப் பெண் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். முகம் சுண்டியிருந்தது. "மாமியார் கொஞ்சம் பழைய ஆள் மாமி. சொல்லிப் பார்த்தேன், கேக்கலை. தப்பா எடுத்துக்காதீங்கோ. சுண்டலை எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கிண்டா. பாத்திரத்தை வெறுமனே தரக்கூடாதுன்னு சர்க்கரைப்பொங்கல் வெச்சிருக்கேன்."

"அதனாலென்னம்மா" என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

சாத்தின பிறகு கோபம் வந்தது. காது சூடேறுகிற கோபம். என் கையால் பண்ணின சுண்டல் அம்பாளுக்கு ஆகும், நான் அந்த வாசல்படி ஏற ஆகாதா? கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கொலு வைத்தவள் நான். அவருடைய நாற்காலியைப் பார்த்து உரக்கவே கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்தது. அவர் போன அன்றைக்குக்கூட நான் இப்படி அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தேன். நெய், பச்சைக் கற்பூர வாசனை குப்பென்று ஏறியது. நாக்கில் எச்சில் ஊறியது. நின்றபடியே ஒரு வாய் போட்டுக்கொண்டேன். தித்தித்தது. அப்படித் தித்தித்தது.

இரண்டாவது வாய்க்குக் கை தானாகப் போயிற்று. வேணும் போலிருந்தது, எல்லாமே வேணும் போலிருந்தது, காபியில் சர்க்கரை, டம்ளரை நீட்டுகிற அந்தக் கை. பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். டயட்டீஷியன் சொன்ன அந்த முதல் மாசம் எனக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.