பாறைக்குத் தனி ரேட்டு

புரட்டாசி மாதத்தில் அப்பா மளிகைக் கடைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, உள்ளே கம்பி வைத்து, கையில் வாக்கரைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே அவர் குந்தவே கூடாதும்மா. வெஸ்டர்ன் டாய்லெட் கட்டிக்குங்க. அதையும் படுக்கற ரூமை ஒட்டியே கட்டிக்குங்க" என்றார்.

வீட்டில் நானும் அப்பாவும்தான். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிப் பேசுவதையும் இருவரும் விட்டுவிட்டோம். ஒரு பம்ப் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். சிங்காநல்லூரில் அப்பா மில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய சின்ன இடம் எங்களுடையது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, புறக்கடைக் கோடியில் கக்கூஸ். அப்பா காரமடைப் பக்கம் அடுத்தவர் தோட்டம் காட்டில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். இடம் வாங்கியதும் முதலில் கக்கூஸைத்தான் கட்டினார், வீட்டை அதற்குப் பிறகுதான் கட்டினார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் யாராவது இளக்காரமாகப் பேசினால், எங்கள் வீட்டில் கக்கூஸ் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கிறேன்.

மேஸ்திரியைச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் வீட்டு மாடிப்படி அவர் கட்டியது. வெள்ளகோவில்காரர், நாற்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, காதில் பென்சில், பழைய மொபெட். வந்தவர் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "உடம்பு எப்படீங்கய்யா இருக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பை எடுத்தார். எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

அப்பா படுத்திருக்கும் அறையின் பின்சுவரை உடைத்து வழி வைத்து, அதை ஒட்டி பாத்ரூமும் கக்கூஸும். பழைய கக்கூஸ் இருக்கிற இடத்தில் பெரிய செப்டிக் டேங்க். மொத்தத்துக்கும் ஒரு தொகை பேசினோம். பாதியை முன்பணமாகக் கொடுத்தேன்.

முதல் நாளே பழைய கக்கூஸை இடித்தார்கள். "இதக் கடைசியா இடிக்கலாமுங்களே?" என்று கேட்டேன்.

"டேங்குக்கு வேற எடமில்லீங்க அம்மணி. ஒரு வாரந்தானுங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள செஞ்சுபோடறேன்."

அன்று சாயங்காலத்துக்குள் பின்சுவரிலும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டார்கள். அப்பா கட்டிலில் படுத்தபடியே ஓட்டை வழியாகப் புறக்கடையைப் பார்த்து, "காத்து நல்லா வருது கண்ணு" என்றார்.

மூன்றாவது நாள் குழியில் பாறை தட்டியது. இடுப்பளவு ஆழம் கூடப் போயிருக்காது. ஆபீஸ் முடிந்து வந்தபோது மேஸ்திரி குழியோரம் குந்தியிருந்தார். ஆட்களைக் காணோம்.

"பாறை வந்துருச்சுங்க அம்மணி."

"சரிங்க. ஒடைங்க."

"மண்ணு தோண்டறதுக்குத்தானுங்க நாம ரேட்டு பேசுனது. பாறைக்குத் தனிங்க. அதுக்கு வேற ஆளு வரோணும். கூலியும் ஒண்ணுக்கு ரெண்டாக் கேப்பாங்க."

"பேசும்போது இதச் சொல்லலீங்களே."

"பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கென்னுங்க தெரியும்?"

மறுநாள் வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன். பாறைக்காரர்கள் வந்தார்கள். கொஞ்சம் உடைத்தார்கள். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழி நிறைந்தது. தண்ணீரை இறைக்க மோட்டார் வாடகை கேட்டார். அப்புறம் மணல் விலை ஏறிவிட்டது என்று கேட்டார். சுவர் ஓட்டையை மறைக்கப் படுதா ஒன்று கட்டியிருந்தார். அதற்கும் வாடகை உண்டென்று பிற்பாடு சொன்னார். எல்லாவற்றையும் தலையைச் சொறிந்துகொண்டு, கஷ்டமாகத்தான் இருக்கிறது என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார். ஒருதரம்கூடக் குரல் உயர்ந்ததில்லை. நானும் உயர்த்தியதில்லை. எங்கள் பக்கத்தில் சண்டையைக்கூட 'ங்க' போட்டுத்தான் போடுவோம். அந்த மரியாதைக்குள் கையைக் கட்டிப் போட்டதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவர் வருவது நின்றுபோனது.

வெள்ளகோவிலில் ஒரு எழவு என்று முதலில் சொல்லி அனுப்பினார். அவர் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போய், அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பருக்குப் போட்டு, கடைக்காரர் போய்க் கூட்டி வரும்வரை மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சில நாள் அவர் மனைவி வந்து, "இப்பத்தானுங்க கெளம்புனாரு" என்பாள். சில நாள் அவரே வருவார். "நாளைக்கு வாரனுங்க அம்மணி. காலையில மொத வேல உங்க ஊட்டுதுதான்." அந்த நாளைக்காக லீவு போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். தெருவில் மொபெட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்ப்பேன். மத்தியானம் ஆகிவிட்டால் இனி வரமாட்டார் என்று தெரியும். ஆனாலும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன்.

கக்கூஸுக்குப் போக எனக்காவது பக்கத்து வீட்டு அக்கா வீடு இருந்தது. அப்பாவால் அந்த வீட்டுப் படிகளில் ஏற முடியாது. மெடிக்கல் ஷாப்பில் மூத்திர பாட்டிலும் படுக்கையில் வைக்கும் பெட்பேனும் வாங்கி வந்தேன். பாட்டிலை அவரே வைத்துக்கொள்வார். பெட்பேனை வைக்க ஆள் வேண்டும். முதல் தடவை நான் அதை எடுத்துக்கொண்டு போனபோது, அப்பா வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ போ கண்ணு."

"எடுக்கணுமில்லைங்கப்பா."

"எனக்கு வருலெ. போ."

அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஆபீஸிலிருந்து மத்தியானம் டவுன் பஸ் பிடித்து வந்து பார்த்தால், வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே மூடியிருக்கும். கேட்டால் பசியில்லை என்பார். பிறகு தண்ணீரையும் குறைத்தார். சொம்பை வாய்க்குக் கொண்டுபோய் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவார். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒருநாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் தலையில் கை வைத்துத் தடவினாரே தவிர சாப்பிடவில்லை. படுதாவுக்கு வெளியே மழை கொட்டியது. குழித் தண்ணீர் தளும்பி அறைக்குள் வந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் எதை வைத்துச் சாப்பிடுவது என்றும் யோசித்தேன். வேறு மேஸ்திரி இருவரைக் கூட்டி வந்து காட்டினேன். ஒருத்தர் ஆரம்பித்த வேலையில் இன்னொருத்தர் கை வைக்க மாட்டோம் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பாவுக்கு வயிறு கல்லாகிவிட்டது. நாள் கணக்கில் போகாமல், வலியில் முனக ஆரம்பித்தார். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து வைத்தார்கள். கொஞ்சம்தான் போயிற்று. மாத்திரை எழுதித் தந்து, "நிறையத் தண்ணி குடிக்கணும், வந்தா அடக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்டு அப்பா தலையாட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது ஆட்டோ திருச்சி ரோட்டில் சுங்கம் ஸ்டாப்பைத் தாண்டியிருக்கும். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படி ஒரு பிடி அவர் பிடித்ததில்லை.

"கண்ணு, எனக்கு அவசரமா வருது."

"வீட்டுக்குப் போயிரலாமுங்கப்பா" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். வீட்டில் என்ன இருக்கிறது? அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஓட்டல் எதிலாவது கேட்கலாமா என்று பார்த்தேன். எங்கும் படியேற வேண்டும், எங்கும் குந்த வேண்டும். அப்போதுதான் அந்த வீடு நினைவுக்கு வந்தது. அந்த ரோட்டிலேயே, ராமநாதபுரத்தில் ஒரு பெரிய வீட்டில் எங்கள் மேஸ்திரி வேலை செய்கிறார் என்று அக்கா சொல்லி, முந்தின வாரம் போய்ப் பார்த்துவிட்டு ஆளைப் பிடிக்க முடியாமல் திரும்பியிருந்தேன். கீழே வெஸ்டர்ன் வைத்த பாத்ரூம் முடிந்துவிட்டது, மாடி வேலைதான் நடக்கிறது என்று அங்கிருந்த சித்தாள் ஒருத்தி சொல்லியிருந்தாள்.

ஆட்டோவை அங்கே திருப்பச் சொன்னேன்.

மேஸ்திரி வாசலிலேயே மணல் சலிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. வழக்கமான சிரிப்போடு, "ஏனுங்க அம்மணி, நானே நாளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"எங்கப்பாவுக்கு வெளிய போகோணுமுங்க" என்றேன். "உள்ள நீங்க கட்டுனது இருக்குதல்லங்க. போலாமுங்களா?"

அவர் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். சட்டென்று குனிந்து அப்பாவின் கக்கத்தில் கை கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் வாக்கரை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கூடத்தில் நின்ற வீட்டுக்கார அம்மா, "யாருங்க? என்னுங்க?" என்று பதறினார். பாத்ரூம் வாசலில் அப்பா என்னைப் பார்த்து, "நீ இங்கயே நில்லு கண்ணு" என்றார். மேஸ்திரி அவரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நேரமாயிற்று. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மேஸ்திரியின் குரல், "மெதுவாங்கய்யா, என்ற தோள்ளயே சாஞ்சுக்குங்க, ஒண்ணும் வெக்கப்படாதீங்க" என்றது.

வெளியே வந்தபோது மேஸ்திரியின் லுங்கி முழங்கால்வரை நனைந்திருந்தது. அப்பாவின் முகம் தெளிந்திருந்தது. கூடத்துச் சுவரில் கை வைத்து நின்றுகொண்டு, மூச்சு வாங்க, அப்பா சொன்னார்: "ரொம்ப சவுகரியமாக் கட்டியிருக்கறீங்க மேஸ்திரி. ஒக்காந்து எந்திரிக்கறதுக்குக் கைப்புடி எல்லாம் வெச்சு. நல்ல வேலைங்க."

குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அப்படிப் பேசத் தெரியாது. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கார அம்மா கேட்டார்: "ஏனுங் மேஸ்திரி, இவுங்க யாருங்க?"

நான்தான் பேசினேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. கக்கூஸை இடித்தது, பாறை, சுவர் ஓட்டை, அப்பா பட்டினி கிடந்தது, நாளைக்கு நாளைக்கு என்று என்னை வாசலில் உட்கார வைத்தது எல்லாம் வந்தது. 'ங்க' எல்லாம் எங்கோ போய்விட்டது. நீ, வா, போ என்று கத்தினேன். மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பா, "உடு கண்ணு, உடு" என்று என் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "நாளைக்கு எங்க ஊட்டையும் இப்படித்தான் நடுவுல போட்டுட்டுப் போவீங்களா? மொதல்ல இவுங்க வேலைய முடிச்சுப்போட்டு வாங்க. அதுவரைக்கும் இங்க யாரும் பூச்சுக் கரண்டி எடுக்கக் கூடாது" என்றார். என்மேல் இரக்கம் பாதி, தன் வீட்டைப் பற்றிய பயம் பாதி. எதுவானாலும் எனக்குப் போதும்.

அப்பாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டது மேஸ்திரிதான். ஏற்றிவிட்டு என் பக்கமாக வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "கண்டிப்பா நாளைக்கு வாரனுங்க. ஆனா பாறைக்காரங்களுக்குப் பழைய பாக்கி இருக்குதுங்க அம்மணி. அது குடுக்காம அவங்க வரமாட்டாங்க. அதுக்கு மட்டும் நீங்க ஏற்பாடு பண்ணிருங்க."

"அன்னைக்கே குடுத்தனேங்க. அது என்னாச்சு?"

"சின்னவளுக்கு ஆஸ்பத்திரிச் செலவுங்க. எடுத்துப் பொரட்டிட்டேன். இந்த வேல பணம் வந்ததும் போட்டுரலாம்னு பாத்தேன்."

அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெறுத்துப்போய் ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் வாயில் கசப்பு. மறுநாள் ஆபீஸில் மேனேஜர் முன்னால் நின்று சம்பள அட்வான்ஸ் கேட்டேன். அதைக் கொண்டுபோய் மேஸ்திரி கையில் கொடுக்காமல், பாறைக்காரர்களிடம் நேராகக் கொடுத்தேன்.

அவர் வந்தார். மழை விட்ட இடைவெளிகளில் பாறையை உடைத்தார்கள், டேங்க் இறங்கியது, சுவர் எழும்பியது. ஆனால் ராமநாதபுரத்துக்குத் திரும்பும் அவசரம் எல்லாவற்றிலும் தெரிந்தது. கோப்பையைப் பதித்து, தண்ணீர் விட்டுக் காட்டிய அன்றே சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். உள்சுவர் பூசவில்லை. கதவு போடவில்லை. தரையின் வாட்டம் தப்பாகிப் போய், ஊற்றுகிற தண்ணீர் சாக்கடைக் குழாய்ப் பக்கம் ஓடாமல் அறை வாசலுக்கு வந்து நின்றது. கைப்பிடி வைக்கவில்லை, அதற்குத் தனியாக ஆகும் என்றார். எனக்கு மறுபடி பூத்தில் போய் நிற்கத் தெம்பில்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய சேலையைக் கட்டினேன்.

அப்பா அப்புறம் சில வருடம் இருந்தார். அந்தக் கக்கூஸைத்தான் கடைசிவரை பயன்படுத்தினார். உள்ளே போனால் நான் சேலைக்கு இந்தப் பக்கம் நின்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன், விழுந்துவிடுவாரோ என்று. வந்ததும், வாசலில் தேங்கிய தண்ணீரைச் சாக்கு போட்டு ஒற்றி எடுப்பேன். காலையில், ஆபீஸ் பஸ்ஸுக்கு முன்னால், அதுதான் என் முதல் வேலை.

பக்கத்து வீட்டு அக்கா வரும்போதெல்லாம் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு மேஸ்திரியைத் திட்டுவார். தான் சொல்லி வந்த ஆள் என்கிற குற்ற உணர்ச்சி அவருக்கு. நானும் சேர்ந்து திட்டுவேன், மனசாரத் திட்டுவேன். அப்பா கட்டிலிலிருந்து கையைத் தூக்கித் தடுப்பார்.

"அந்த மனுசன் என்னையக் கழுவி உட்டாருங்க" என்பார். "பெத்த மகனாட்டம் கழுவி உட்டாரு. அவரப் பேசாதீங்க."

அக்கா என்னைப் பார்ப்பார். சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் புறக்கடையில் பிழிந்துவிட்டு வருவேன்.