லினெட் கல்யாணப் பை

புஷ்பமேரி மார்க்கெட்டுக்குள் வருவதற்கு முன்னால் அவளுடைய தூக்குவாளிச் சத்தம் வந்துவிடும். மீனுக்கு ஒரு தூக்கு, ஆட்டுக்கறிக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, காய்கறிக்குத் துணிப்பை, அந்தப் பைக்குள் மடித்து வைத்த இன்னொரு துணிப்பை. திடீரென்று மாம்பழம் மலிவாகக் கிடைத்துவிட்டால் கையில் பை வேண்டாமா? புதுச்சேரி முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் அவளுக்கு 'பை மேரி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அது காதில் விழுந்தால் சண்டைக்கு வருவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளோ பட்டம் வாங்கிய பெருமையோடு வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

இந்தப் பைத்தியம் பிறவியிலேயே வந்ததில்லை. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து மழையில் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, கட்டில் கால் முழுகும் அளவுக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. புருஷன் தனிஸ்லாஸ் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கம்பியால் குத்திக் குத்தி அடைப்பை வெளியே இழுத்துப் போட்டார். எல்லாம் கேரிபேக். அதில் முக்கால்வாசிப் பைகளில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையின் பேர் பளிச்சென்று இருந்தது. புஷ்பமேரி பில் போடுகிற பண்டகசாலை அது. சர்க்கரைக்கு ஒன்று, சோப்புக்குத் தனியாக ஒன்று என்று சிரித்த முகத்தோடு அவளே எடுத்துக் கொடுத்த பைகள், அவள் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்திருந்தன.

அன்றைக்குப் பிடித்தது. கவுன்டரில் யார் வந்து நின்றாலும் முதல் கேள்வி, "பை கொண்டாந்தீங்களா?" இல்லை என்று சொன்னவர்கள் அரிசியைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் சாக்கடை, மாடு, கடல் என்று ஒரு பிரசங்கமே கேட்க வேண்டியிருக்கும். மேனேஜர் ஜானகிராமன், வருகிற ஆட்களை எதிர்க் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். வீட்டில் பால் பாக்கெட்டுகளைக் கழுவித் தனிஸ்லாஸின் சட்டைகளோடு கொடியில் காயப்போட்டாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவர் பிளாஸ்டிக் கப்பில் டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் எதிரே போய் நின்றாள். மனுஷன் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு மறுநாளிலிருந்து எவர்சில்வர் டம்ளரோடு வேலைக்குப் போனார். கம்பெனியில் கிண்டல் செய்தவர்களிடம், டம்ளரில் டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொண்டார். சண்டை என்றால் அவருக்கு அலர்ஜி.

மகள் லினெட் ஒரே பெண், பேங்கில் வேலை. அவளுக்கு அத்ரியான் என்கிற மாப்பிள்ளை அமைந்தான். பூர்வீகம் புதுச்சேரி, பிரெஞ்சுக் குடியுரிமை, குடும்பமே பாரிசுக்குப் பக்கத்தில் செட்டிலாகிவிட்டது. இந்த ஊரில் அப்படி ஒரு வரன் தானாகத் தேடி வந்தால் பெண்ணைப் பெற்றவளுக்குத் தரையில் கால் நிற்காது. புஷ்பமேரிக்கும் நிற்கவில்லை. ஜனவரியில் வந்து பார்த்தார்கள், பிடித்துவிட்டது, ஆகஸ்ட் லீவில் வந்து கல்யாணத்தை வைத்துக்கொள்வதாக முடிவானது. புஷ்பமேரி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி நன்றி சொன்னாள். ஏற்றி முடித்த கையோடு தாம்பூலப் பையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஜிசேல் தாராள மனசுக்காரி. கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, தங்க நிறத்தில் மினுமினுக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை அங்கிருந்தே கொண்டுவருவதாகச் சொன்னாள். உள்ளே சாக்லேட், மேலே ரிப்பன். புஷ்பமேரி சிரித்துக்கொண்டேதான் வேண்டாம் என்றாள். தண்ணீருக்கு பிளாஸ்டிக் டம்ளர் கிடையாது, சாப்பாட்டுக்கு வாழையிலை, கையில் கொடுத்தனுப்பத் துணிப்பை என்று விரல்விட்டுச் சொன்னாள். ஜிசேல், "பொன், பொன், உங்க இஷ்டம்," என்று பிரெஞ்சில் சம்மதம் சொன்னாள். ஆனால் அந்த முகத்தில் சம்மதத்தின் நிழல்கூட இல்லை. புஷ்பமேரி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

பை அச்சடித்த கதையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். மற்ற அம்மாக்கள் பட்டுப்புடவைக் கடையில் செலவிடும் நேரத்தை இவள் அச்சகத்தில் செலவிட்டாள். கெட்டிக் காடாத் துணி, அகலமான காது, இரட்டைத் தையல். நடுவில் ஜோடிப் புறா, அதன்கீழே 'லினெட் – அத்ரியான்', அதற்கும் கீழே 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்'. சாதாரண மையில் அடித்துக் காட்டியவரிடம், "பத்து வருஷம் தோய்ச்சாலும் எழுத்து போவக் கூடாதுங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் நேர்மையான மனிதர், சொன்னபடியே அடித்துக் கொடுத்துவிட்டார். பைகள் மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வந்து இறங்கியபோது, மகள் கழுத்தில் தாலி ஏறிவிட்ட மாதிரி அவளுக்குக் கண் கலங்கியது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று கோயிலில் ஊரறியச் சொல்லும் வழக்கம். இரண்டு ஞாயிறு லினெட் பேரும் அத்ரியான் பேரும் ஒலித்தன. மூன்றாம் ஞாயிறு சாமியார் மற்ற ஜோடிகளின் பேரையெல்லாம் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். முன் பெஞ்சில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அதற்கு முதல்நாள்தான் ஜிசேல் போனில் கூப்பிட்டிருந்தாள். இந்தக் கல்யாணம் நடக்காது, காரணம் கேட்க வேண்டாம், மன்னிக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

லினெட் அழவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் பேங்குக்குப் போனாள். துக்கத்தை உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டாள் என்று பெற்றவள் நினைத்தாள். மகள் கண்ணில் அந்தப் பேர் படக் கூடாதென்று மூட்டைகளைப் பரணில் ஏற்றி மேலே பழைய போர்வையைப் போர்த்தினாள். இரண்டு நாள் கழித்து அவளுடைய சிக்கன புத்தி எட்டிப் பார்த்தது. எழுத்தை எடுத்துவிட்டால் வெறும் பையாகவாவது ஆகுமே என்று ஒன்றை ஊறவைத்தாள், அடித்துத் துவைத்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட்டாள், கடைசியில் அண்டாவில் போட்டு வேகவும் வைத்தாள். துணிதான் வெளுத்தது. வெளுத்த துணியில் புறாக்கள் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன. உள்பக்கத்தை வெளியே திருப்பினால் அத்ரியான் இடவலமாக மாறியும் மறையாமல் நின்றான். எரிக்கலாம் என்றால், குப்பை எரித்ததற்காகத் தெருவில் எல்லோரிடமும் சண்டை போட்டவளே அவள்தான்.

உண்மையில் அவளை அரித்தது பை மட்டும் இல்லை. 'பொன், பொன்' என்று சொன்னபோது ஜிசேலின் முகம் போன போக்கு அவள் கண்ணைவிட்டு அகலவில்லை. தன் பிடிவாதம்தான் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது என்று தீர்மானித்துவிட்டாள். அந்த டப்பாவை வாங்கிக்கொண்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று கோயிலுக்குப் போய் வரிசையில்கூட நின்றாள். பையால் கல்யாணம் நின்றது என்று சொன்னால் சாமியார் சிரித்துவிடுவார் என்ற பயத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஆக, அவர் சொல்ல வேண்டிய பரிகாரத்தைத் தானே விதித்துக்கொண்டாள். தவக்காலத்தில் ஒறுத்தல் என்று ஒருத்தர் கறியை விடுவார், ஒருத்தர் காப்பியை விடுவார். புஷ்பமேரி தூக்குவாளியை விட்டாள்.

அடுத்த நாள் மார்க்கெட்டுக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு போனாள். சத்தம் இல்லாமல் அவள் வந்து நின்றதை மீன் விற்கும் அஞ்சலாட்சி முதலில் கவனிக்கவே இல்லை. சங்கரா மீனை நிறுத்துவிட்டுப் பழக்கத்தில் தூக்குக்குக் கை நீட்டினாள். கேரிபேக்கில் போடு என்றாள் புஷ்பமேரி. அஞ்சலாட்சி பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்தாள், பக்கத்துக் கடைக்காரி இவளைப் பார்த்தாள்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லியாக்கா?" என்று அஞ்சலாட்சி மெதுவாகக் கேட்டாள். உனக்காகப் பையைக் கடன் வாங்கித்தான் கொடுக்கணும், என் கடைப் பக்கம் வருகிறவர்கள் எல்லாம் உன் பேச்சைக் கேட்டு இப்போது தூக்கு கொண்டுவருகிறார்கள், நான் பை வாங்கி வைத்தே நாளாகிறது என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கறுப்புப் பையை வாங்கிப் போட்டாள். அந்தப் பை மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு சரசரத்தது. புஷ்பமேரிக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசட்டும், அதற்குத்தானே என்று நினைத்துக்கொண்டு வீடுவரை அப்படியே நடந்தாள்.

இப்படியே தினமும் ஒன்றாகச் சேர்ந்தது. ஒறுத்தல் என்றாலும் தூக்கிப் போட மனசு வருமா? கழுவிக் காயவைத்து மடித்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைப்பம் எடுக்கப் போன லினெட் கதவை இழுத்ததும், கறுப்பும் நீலமுமாகப் பைகள் சரிந்து அவள் காலடியில் விழுந்தன.

"இதெல்லாம் என்னாம்மா?"

புஷ்பமேரி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. பிறகு, "ஒறுத்தல் பண்றேன்," என்றாள்.

எதற்கு என்று மகள் கேட்டதும் மொத்தமும் உடைத்துக்கொண்டு வந்தது. அந்தம்மா டப்பா கொண்டுவருகிறேன் என்றபோதே தலையை ஆட்டியிருந்தால் நீ இந்நேரம் பாரிசில் இருந்திருப்பாய், என் பையால்தான் உன் கல்யாணம் நின்றது என்று சொல்லி, வெங்காயத்தின் புண்ணியத்தில் தாராளமாக அழுதாள். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தனிஸ்லாஸ் பேப்பரைத் தாழ்த்தினார்.

லினெட் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "பையாலதாம்மா நின்னுச்சு. ஆனா நிறுத்தனது அவங்க இல்ல. நானு."

ஜூலை மாதம் அத்ரியான் போனில் பேசும்போது தமாஷாகத்தான் சொன்னானாம். கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அந்த ஒரு நாள் மட்டும் உங்கம்மாவை டம்ளர், பை என்று பேசாமல் ஓரமாக நிற்கச் சொல் என்றானாம். அதோடு விட்டிருந்தால் லினெட்டும் பொறுத்திருப்பாள்.

"நாளைக்கு அவங்க ஊட்டுக்கு நீ வந்தா, விருந்தாளி வர்ற நேரத்துல உன்ன உள்ள ரூம்ல உக்கார வெக்கணும்னு சொல்லிச் சிரிச்சாரும்மா. எனக்குச் சிரிப்பு வரல."

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவனிடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உங்கள் பக்கத்திலிருந்து நிறுத்தியதாக இருக்கட்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். அவனும் மறுக்காமல் அதைச் செய்தான்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா பையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அவங்க கால்ல போயி உழுந்திருப்ப. அதப் பாக்க என்னால முடியாது."

மகள் சொன்னது நிஜம்தான். விழுந்திருப்பாள். தங்க டப்பாவைத் தன் கையாலேயே ஊருக்கெல்லாம் கொடுத்திருப்பாள். இத்தனை வருஷம் தன்னை ஊர் கேலி செய்ததெல்லாம் அவளுக்குத் துரும்பு. தன்னைக் கேலி செய்தது ஒருத்திக்குப் பொறுக்கவில்லை என்பது அவளைக் கரைத்துவிட்டது. மகளின் தலையைத் தொட்டாள், வெங்காயக் கை என்பது ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டாள். தனிஸ்லாஸ் எழுந்து போய் ஏணியைக் கொண்டுவந்து பரணில் சாய்த்தார். அந்த வீட்டில் அவர் ஆற்றிய மிக நீளமான சொற்பொழிவு அதுதான்.

நல்ல துணி, பூட்டி வைத்தால் பூச்சிதான் அரிக்கும், கடைக்கு எடுத்துப் போய் பை இல்லாதவர்களுக்குக் கொடு என்று லினெட் சொன்னாள். பேர் இருக்கிறதே என்று அம்மா இழுத்தாள். இருக்கட்டும், கேட்டால் உள்ளதைச் சொல் என்றாள் மகள்.

மறுநாள் பண்டகசாலைக் கவுன்டரில் மூட்டை பிரிந்தது. ஜானகிராமன் பையிலிருந்த பேரைப் படித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்டாக் பார்க்கப் போய்விட்டார். வரிசையில் முதலில் நின்றது வசந்தா டீச்சர். மூன்றாம் ஞாயிறு முன் பெஞ்சில் முதலில் திரும்பிய தலை அவருடையதுதான். ரவையும் எண்ணெயும் போட்டு நீட்டிய பையைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது நின்னு போன கல்யாணமாச்சே. யாரும்மா இந்த அத்ரியான்?"

புஷ்பமேரி கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எங்க பொண்ணு வேணாம்னு சொன்ன மாப்ள."

"ஏன் வேணாம்னா?"

பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்டால் பிரசங்கமே வைக்கிறவள் இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தைதான் வைத்திருந்தாள். பையின் காதுகளைச் சேர்த்துப் பிடித்து டீச்சர் கையில் வைத்தாள்.

"எனக்காக," என்றாள்.