யாரும் சாகாத காதல் கதை

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு காதல் நாவல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று யாராவது கேட்டால் போதும், ரிசப்ஷன் அக்கா மூச்சு விடாமல் புலம்புவாள். கதாநாயகி முதல்முறையாகக் கதாநாயகனை நிமிர்ந்து பார்க்கும் நேரத்தில்தான் யாராவது வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். அக்கா நாவலை மறைத்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் பட்டியலைத் திறப்பாள். ஒருமுறை அவசரத்தில், "உன்னை மாதிரி திமிர் பிடிச்சவனை நான் பாத்ததே இல்ல" என்ற வசனம், பல்வேர் சிகிச்சைக்கு வரவேண்டிய ஒருவருக்குக் குறுஞ்செய்தியாகவே போய்விட்டது. "மன்னிக்கவும், சனிக்கிழமை கண்டிப்பாக வந்துவிடுகிறேன்" என்று அவரிடமிருந்து பதில் வந்தது.

அவளை எல்லோரும் ரிசப்ஷன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவரான டாக்டரம்மாவும் அப்படியே. நாற்பதைத் தாண்டியவள். கணவர் லிப்ட் மெக்கானிக். மகள் பத்தாம் வகுப்பு. நாவல் ஆசை வந்ததற்குக் காரணம் மகள் இல்லை, கல்லூரியில் போட்ட ஓர் ஆங்கில நாடகம். பாடப்புத்தகத்தில் முன்னந்தலை வழுக்கையும் கழுத்தில் மடிப்புப் பட்டையுமாக இருப்பாரே, அவர் எழுதியது. அக்காவுக்குக் குரல் மெலிவு என்று மேடையில் இடம் தரவில்லை. திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் வேலை. எப்போதும் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு பேரை, 'அவளுக்கு அவன்மேல் உயிர்', 'அவனுக்கு அவள்மேல் உயிர்' என்று நண்பர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்க வைத்துச் சேர்த்து வைக்கும் கதை. திரைக்குப் பின்னாலிருந்து அவள் சிரித்த சிரிப்பு முதல் வரிசை வரை கேட்டதாம்.

அதற்குப் பிறகு இத்தனை வருடங்களில் அவளுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அந்த ஆள் பெயரைச் சொன்னாலே எல்லோரும் அவருடைய இன்னொரு நாடகத்தில் விஷம் குடித்தும் குத்திக்கொண்டும் செத்துப்போன காதலர்களைத்தான் நினைக்கிறார்கள். "அவர் சிரிக்க வைக்கவும் எழுதியிருக்காருங்க" என்று சொன்னால், "அப்படியா? அதுல யார் சாவாங்க?" என்கிறார்கள். மகள் வாங்கி வரும் காதல் கதைகளும் அதே லட்சணம்தான். பாதிப் புத்தகத்தில் யாருக்காவது தீராத நோய் வந்துவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அக்கா தானே எழுத உட்கார்ந்தாள். ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒரே டியூஷன், மின்விசிறிக்குக் கீழே இருக்கும் ஒற்றை நாற்காலிக்காகத் தினமும் அடித்துக்கொள்ளும் ஒரு பையன், ஒரு பெண். அவர்களைச் சேர்த்துவைக்கத் திட்டம் போடும் நண்பர்கள். ஒட்டுக்கேட்கும் இடம் நாடகத்தில் தோட்டம், நாவலில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி.

முடித்து, அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்னப் பதிப்பகத்தில் கொடுத்தாள். பதிப்பாசிரியர் எதையாவது மென்றுகொண்டே பேசுகிறவர்.

"கதை நல்லா இருக்கும்மா. ஆனா கடைசி வரைக்கும் யாரும் சாகலையே?"

"சார், இது சிரிப்புக் கதை."

"இருக்கட்டும். பையனோட தாத்தாவையாவது..."

"பையனுக்குத் தாத்தாவே இல்ல சார்."

"அப்ப ஏற்கெனவே போய்ட்டாரா? அதக் கொஞ்சம் விரிவா எழுதலாமே."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் தாளைப் புரட்டினார். "சரி, அது போகட்டும். இந்த ஒட்டுக்கேக்கற எடம்தான் இடிக்குது. நாலு பேர் சத்தமா பேசறாங்க, அவன் கேட்டுட்டு உடனே காதலிக்க ஆரம்பிச்சுடறான். இந்தக் காலத்துப் பிள்ளைங்க அவ்வளவு அசடா? அத நம்பற மாதிரி எழுதிட்டு வாங்க, போட்டுடலாம்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டாள். அவர் லிப்ட் கதவின் ரோலர் ஒன்றைச் செய்தித்தாளில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவன் ஏன் நேராப் போய்க் கேக்கல? 'என்னப் பிடிச்சிருக்கா'ன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது."

"முடிஞ்சுட்டா கதை எங்கங்க இருக்கும்?"

"அது உன் பாடு."

மகளிடம் நீட்டினாள். மகள் இரண்டு பக்கம் படித்தாள். "அம்மா, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு கேப்பாங்களா? யாராவது ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவாங்கம்மா. அப்புறம் 'நீர் துளிர்த்த விழிகள்'னு எல்லாம் எழுதாத. படிக்க எனக்கே வெக்கமா இருக்கு."

அக்கா அந்த அத்தியாயத்தை ஏழெட்டு விதமாக மாற்றி எழுதினாள். எதுவும் ஒட்டவில்லை. ஒவ்வொரு முறையும் பதிப்பாசிரியர், "இன்னும் நம்பல" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பினார். மனிதர்கள் நம்பத்தான் செய்வார்கள், அவளுக்குத் தெரியும். ஆனால் எப்படி நிரூபிப்பது? அப்போதுதான் அந்த விபரீத யோசனை வந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி டாக்டரம்மாவின் உதவியாளர். இருபத்தைந்து வயது, கூர்மையான நாக்கு, எல்லோருக்கும் அவள் மிளகாய். இன்னொருவன் பின்னறையில் பல் செட் செய்கிறவன். நாளெல்லாம் பிளாஸ்டர் மாவு குழைத்து அச்சில் ஊற்றுவான். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாததால் அவன் பெயர் சிமெண்ட். நோயாளியின் வாயிலிருந்து மிளகாய் எடுத்துத் தரும் அச்சு காய்வதற்குள் அவன் மாவு ஊற்ற வேண்டும். தினமும் சண்டை அங்கேதான் தொடங்கும்.

"அச்சு காஞ்சுபோச்சு. மறுபடி எடு."

"நீங்க டீ குடிச்சுட்டு ஆடி அசைஞ்சு வந்தா அது என்ன அழுதுகிட்டா இருக்கும், ஈரமா இருக்க?"

இதைக் கேட்டுக் கேட்டுத்தான் அக்கா நாவலின் பாதி வசனங்களை எழுதியிருந்தாள்.

ஒரு மத்தியானம் கூட்டம் குறைந்திருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த மெல்லிய தடுப்புக்கு அந்தப் பக்கம் மிளகாய் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா தன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, கணவரிடம் பேசுவதுபோல ஆரம்பித்தாள். "ஆமாங்க, அந்தப் பையன்தான். பாவம், வெளிய காட்டத் தெரியல. அவ லீவு போட்டா அன்னிக்கு சாப்பாட்டு டப்பாவையே திறக்க மாட்டான். சண்டை போடறதே அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசத்தான்." தடுப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பலித்துவிட்டது!

மறுநாள் சிமெண்ட் முறை. அவன் மேசைக்குப் பக்கத்தில் கூரியர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். அக்கா அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, "அவ வாய்தாங்க அப்படி, மனசு பூராவும் அவன்தான்" என்று உருகிக்கொண்டிருந்தபோது, காதிலிருந்த கைப்பேசி அலறியது.

சிமெண்ட் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, போன் அடிக்குது. எடுங்க."

அழைத்தவர் பதிப்பாசிரியர். அத்தியாயம் என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். அக்கா ஏதோ உளறி வைத்துவிட்டுத் திரும்பினாள். சிமெண்ட் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"என்னக்கா இதெல்லாம்?"

சொல்லாமல் வேறு வழியில்லை. நாவல், நாடகம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அவகிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"நேத்து."

"அதான் காலையில எனக்கு டீ கொண்டுவந்து வெச்சாளா." அவன் முகம் முதல்முறையாகச் சிவந்தது. "நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நான் சொன்னா, நானும் கூட்டுன்னு நினைப்பா."

சொல்லிவிடுகிறேன் என்றாள். சொல்லவில்லை. அங்கேதான் அவள் தப்பு செய்தாள். ஏனென்றால் மிளகாய் மாறிக்கொண்டிருந்தாள், அக்கா கண்ணெதிரிலேயே. அச்சைக் கையில் ஏந்திக்கொண்டு ஓட்டமாகப் பின்னறைக்குப் போனாள். "காஞ்சிருந்தா சொல்லுங்க, மறுபடி எடுத்துத் தரேன்" என்றாள். திரும்பி வரும்போது தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். நம்புவது என்றால் இப்படித்தான் இருக்கும், எழுத வேண்டியது இதைத்தான் என்று அக்கா கீபோர்டைத் தட்டித் தள்ளினாள். இன்று ஒருநாள், நாளை ஒருநாள் என்று சொல்வதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். பின்னறையிலிருந்து சிமெண்ட் தலையை நீட்டி, என்னாச்சு என்று கண்ணாலேயே கேட்கும்போதெல்லாம் போனை எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் மிளகாய் புது உடையில் வந்தாள். வந்ததும் அக்காவிடம் குனிந்து, "இன்னிக்கு நானே அவர்கிட்ட பேசிடலாம்னு இருக்கேங்க்கா. அவர் வாயத் திறக்கமாட்டார்" என்றாள்.

அக்காவால் இனியும் தள்ளிப்போட முடியவில்லை. அவளைக் கருவி அறைக்குள் அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

மிளகாய் கத்துவாள் என்று நினைத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவள் கையுறையைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, குப்பைக்கூடையில் போட்டாள்.

"கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தேங்க்கா. எப்படி ஆரம்பிக்கறது, அவர் ஒண்ணும் சொல்லலேன்னா என்ன பண்றது, எல்லாம்." கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். என்னை உடனே சொல்லச் சொன்னான். நான்தான்..."

"அப்ப நான் டீ வெச்சது, ஓடினது, எல்லாத்தையும் பாத்துகிட்டே இருந்தீங்க. உங்க கதைக்காக."

"நல்லது நடக்கும்னு நினைச்சேன்மா."

"நல்லது நடக்கணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா."

கணவர் சொன்னதும் இதேதான். அது வேறு அவளை எரித்தது.

மிளகாய் அன்றிலிருந்து வேலை விஷயத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. "அடுத்தவங்கள அனுப்புங்க" என்பாள், அவ்வளவுதான். சிமெண்டுக்கும் மூன்றாம் பேர்வழிபோல அச்சை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. ஆஸ்பத்திரியே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. டாக்டரம்மா, "என்ன அக்கா, ரெண்டும் இவ்வளவு அமைதியா இருக்கு? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டபோது அக்கா பட்டியலைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள். "சரிக்கா" என்றாள் மிளகாய். அந்தச் 'சரி'யில் ஒன்றுமே சரியில்லை.

வீட்டில் அவள் எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள். கணவர் மேல், மகள் மேல், கதையை நம்பாத பதிப்பாசிரியர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மடிப்புப் பட்டைக்காரர் மேல். ஏமாந்தவர்களுக்கு வலிக்கும் என்பதை அந்த மனுஷன் ஏன் சொல்லவில்லை? அல்லது சொல்லித்தான் இருந்தாரோ, திரைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்ததில் தனக்குத்தான் காதில் விழவில்லையோ?

கோபம் தணியாமலே அத்தியாயத்தை மறுபடி எழுதினாள். இந்த முறை, நண்பர்களின் சூழ்ச்சி தெரிந்ததும் கதாநாயகி தண்ணீர்த் தொட்டி அருகே நின்று அத்தனை பேரையும் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்கிறாள். பையனும் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான். காதல் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது, ஒட்டுக்கேட்ட இடத்தில் இல்லை. சிரிப்புக்கும் குறைவில்லை. மாட்டிக்கொண்ட நண்பர்கள் உளறும் உளறல் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. பதிப்பாசிரியர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "இப்ப நம்பறேன்" என்றார்.

புத்தகம் வந்தது. அக்கா பொட்டலத்தைப் பிரித்தாள். அட்டையில் ஒரு வாடிய ரோஜா, ஒரு வாள், அழுதுகொண்டிருக்கும் பெண்.

"சார், என் கதையில வாள் எங்க சார் வருது?"

"அந்தப் பழைய நாடகத்த வெச்சு எழுதினதுன்னு முன்னுரையில போட்டிருக்கீங்களே. ஜனங்க அதத்தானேம்மா எதிர்பாப்பாங்க."

வாசகி ஒருத்தி பதிப்பகத்துக்கு எழுதியிருந்தாளாம்: கடைசி வரை யாரும் சாகவில்லை, ஏமாந்துவிட்டேன் என்று.

ஒரு பிரதியை அக்கா ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்கள் மேசையில், பழைய பத்திரிகைகளுக்கு நடுவே வைத்தாள். சில நாள் கழித்து அது காணாமல் போயிருந்தது. நோயாளி யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று அதற்கும் ஒரு பாட்டம் புலம்பினாள். ஆனால் அது பின்னறையில் இருந்தது. மாவு படிந்த விரல் தடம் அட்டையில் இருந்ததை, மிளகாய் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோதுதான் பார்த்தாள். அந்தத் தடம் யாருடையது, இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்களா, தனித்தனியாகவா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். இப்போது அவர்கள் மறுபடி சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். அது பழைய சண்டையா, புதுச் சண்டையா என்று தெரிந்துகொள்ளவும் அவள் தன்னை அனுமதிக்கவில்லை.

"படிச்சேன்" என்றாள் மிளகாய்.

அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"அந்தப் பொண்ணு கோவப்படற எடம் சரியா இருக்கு. ஆனா அவ அவ்வளவு சீக்கிரம் மன்னிச்சிருக்கமாட்டா. அடுத்த அத்தியாயத்துலயே சிரிச்சுகிட்டு நிக்கறா."

"சிரிப்புக் கதைம்மா. கடைசியில எல்லாரும் சேரணும். அதுதான் அதோட..."

"அதுக்கு நான் என்ன பண்றது? எனக்கு நம்பற மாதிரி இல்ல." மிளகாய் புதுக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. "அடுத்தவங்கள அனுப்புங்கக்கா."

அன்று முழுக்க அக்கா அதையே நினைத்துக் குமைந்தாள். இத்தனை நாளும் பதிப்பாசிரியரோடு மல்லுக்கட்டியது போதாதென்று இப்போது இவளும். அதைவிடப் பெரிய ஆத்திரம், அவள் சொன்னது சரி என்பது. புத்தகமோ அச்சாகிவிட்டது, ஒரு வரியைக்கூடத் தொட முடியாது. சாயங்காலம் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, அப்பாயின்ட்மென்ட் பட்டியலை மூடிவிட்டு, அவள் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தாள். மன்னிக்கவே மாட்டேன் என்று நிற்கும் ஒரு பெண்ணிலிருந்து இந்த முறை ஆரம்பித்தாள்.