பைக்குள் திணிக்க வந்த போர்ப் பேப்பர்கள்

தாராவியில் எங்களுடையது தோல் பை தைக்கும் பட்டறை. கணவர் இறந்த பிறகு நானும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்துகிறோம். தைத்து முடித்த பை வடிவம் குலையாமலிருக்க உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணிப்போம். அது உல்லாஸ்நகர் குடோனிலிருந்து மூட்டையாக வரும்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு மூட்டையைப் பிரித்தபோது பழுப்பேறிய தாள்கள் சில கையில் வந்தன. எழுபத்தொன்றாம் வருஷத்து இங்கிலீஷ் பேப்பர். வங்கதேசம் விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த சமயம். சேற்றுப் பாதையில் அகதிகள் வரிசையாக வருகிற படம் போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தலையில் தையல் மிஷினைச் சுமந்து நடந்துகொண்டிருந்தாள். சட்டி பானை, துணிமூட்டை எதுவும் இல்லை. மிஷின் மட்டும்.

அந்தத் தாளைக் கசக்க எனக்குக் கை வரவில்லை.

அதுவரை அந்தப் போரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்த நாலு வரிதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிப் போக ஆரம்பித்தேன். மாட்டுங்காவில் வீடு காலி செய்துகொண்டிருந்த ஓர் அம்மா, டிரங்குப் பெட்டிக்குள் விரித்திருந்த தமிழ்ப் பேப்பரை அப்படியே உருவிக் கொடுத்தார். அம்பர்நாத்தில் ஒரு தொழிலாளி வீட்டில் மராத்திப் பேப்பர் கிடைத்தது. ஒருமுறை ஏமாந்தும் போனேன். பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தி வந்த முதல் பக்கம் என்று சொல்லி ஒருவன் விற்றான். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெறுமையாக இருந்தது; யாரோ அச்சடித்த நகல். அசல் பேப்பரென்றால் குண்டு விழுந்த செய்திக்குப் பின்னால் சோப்பு விளம்பரமும் மணமகன் தேவையும் இருக்கும். பிறகு எதை வாங்கினாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

கொழுந்தனுக்கு இது பைத்தியமாகத்தான் தெரிந்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. போன வருஷம்தான் சொன்னார்.

எங்கள் பட்டறையில் மேற்கு வங்காளத்துக்காரர் ஒருவர் பல வருஷமாகத் தைக்கிறார். தெருவில் நின்று போனில் வீட்டோடு வங்காள மொழியில் பேசினார் என்பதற்காக, வங்கதேசத்திலிருந்து திருட்டுத்தனமாக வந்தவரோ என்று போலீஸார் அவரை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். ஆதார், ரேஷன் கார்டு, அப்பா பெயரிலிருந்த நிலப்பத்திரம் எல்லாம் காட்டி இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். அன்று சாயங்காலமே கொழுந்தன், நான் தாள்களை அடுக்கி வைத்திருந்த பரணைக் காட்டிப் பேசினார்.

"மதினி, காலம் சரியில்ல. மேல பூரா வங்கதேசம்னு எழுதின பேப்பரு. யாராவது பாத்தா நம்மளையும் கேப்பாங்க. தூக்கிப் பழைய பேப்பர்காரன்கிட்ட ரத்திக்குப் போட்டுருங்க."

"எதுக்குத் தம்பி? திருடிட்டு வந்தேனா?"

"வேணும்னா போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல. ஒரு தாள்கூட வெளிய போகாது."

இரவெல்லாம் கோபமாக இருந்தது. பயந்து பரணில் வைத்திருப்பதால்தானே ஒளித்து வைத்ததாக ஆகிறது என்று தோன்றியது. காலையில் முதலில் அந்த வங்காளத்துக்காரரைக் கேட்டேன். அவருக்குக் கஷ்டம் வரக் கூடாதே.

"இதையெல்லாம் சுவரில் மாட்டப் போகிறேன். உங்களுக்கு வேண்டாமென்றால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்" என்றேன் ஹிந்தியில்.

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, "மாட்டுங்க. நான் அதுக்குக் கீழேயே உக்காந்து தைக்கிறேன்" என்றார்.

கயிறு கட்டி, தோலைப் பிடித்து வைக்கும் கிளிப்பால் இருபது தாள்களைத் தொங்கவிட்டோம். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு நானே வாசித்துச் சொன்னேன். நாலாவது நாள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

"இதெல்லாம் எதுக்கு வச்சிருக்கே?" என்று மூத்தவர் கேட்டார்.

"பம்பாயில அச்சடிச்சு, பம்பாயில எல்லாரும் வாங்கிப் படிச்ச பேப்பர் சார். நம்ம ஜவான்கள் உயிரைக் கொடுத்த சண்டை. அதைப் படிச்சா தப்பா?"

அவர் மராத்திப் பேப்பர் பக்கம் போய் மூக்கு இடிக்கிற அளவு கிட்ட நின்று ஒரு பத்தி முழுக்கப் படித்தார். இளையவர் போனை எடுத்துச் சுவரைப் படம் பிடிக்கத் தொடங்கினார். நான் போய் அந்தத் தாள்களுக்கு முன்னால் நின்றேன்.

"என்னையும் சேர்த்து எடுங்க. இதெல்லாம் என்னுது. பட்டறையும் என்னுது. பேரு எழுதணும்னா எழுத்து எழுத்தா சொல்றேன்."

இளையவர் மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் வெளியே நடந்தார். பிறகு யாரும் வரவில்லை. நாளை வரலாம்.

கொழுந்தன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இன்றுவரை அவருக்கு இதில் சம்மதமும் இல்லை. தாள்கள் சுவரில்தான் இருக்கின்றன. செம்பூரில் ஒரு வீட்டில் அந்தப் போர்க்கால உருதுப் பேப்பர் ஒரு கட்டு இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறேன்.