மச்சானின் பிடி

நடக்கப்போவதைச் சொல்வதில் எனக்குக் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. மழை வராது என்று நான் சொன்னால் தங்கச்சி கொடியில் கிடக்கும் உடுப்பையெல்லாம் எடுத்து உள்ளே வைப்பாள். தேர்தலில் வெல்வார்கள் என்று நான் சொன்னவர்கள் கட்டுப்பணத்தையும் இழந்திருக்கிறார்கள்.

அவளுடைய புருஷன், என் மச்சான், வட்டைக்குப் போய் வயல் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வரும்போது, களுவாஞ்சிக்குடிக்கு இந்தப் பக்கம் மாட்டில் மோதி விழுந்தான். தலையில் பலத்த அடி. ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது. அதில் ஒரு கீறலும் இல்லை.

மட்டக்களப்பில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளாக அவனுக்கு நினைவில்லை. பிழைப்பாரா, பிழைத்தாலும் எங்களை அறிவாரா என்று தங்கச்சி கேட்கும்போதெல்லாம் டாக்டர், "இப்ப சொல்லேலாது" என்றார். சொல்ல முடியாததைச் சொல்லத்தானே நான் இருக்கிறேன்.

ஆறாம் நாள் அவன் உள்ளங்கையில் என் விரல்களை வைத்து, "டேய் மச்சான், படுத்தது போதும். உன்ர வேலையெல்லாம் என்ர தலையில கிடக்கு" என்றேன். பகிடி பண்ணாமல் அவனோடு பேசிப் பழக்கமில்லை. விரல்களை இறுக்கிப் பிடித்தான்.

வாசலில் நின்ற தங்கச்சியிடம் ஓடினேன். "தப்பிட்டான் கா, தங்கச்சி. பொங்கலுக்கு முன்னம் வீட்ட வந்து என்னோட சண்டை பிடிப்பான், பார்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் என் சொல்லை நம்பினாள். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை டாக்டரிடமும் பெருமையாகச் சொன்னேன். என் மகளின் வயதுதான் இருக்கும் அவருக்கு. தன் விரலை அவன் கையில் வைத்தார், பிடித்தான். "கையை விடுங்க" என்றார். விடவில்லை. மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, தானே கழற்றிக்கொண்டார்.

"உள்ளங்கையில எது பட்டாலும் பிடிக்கும், ஐயா. பச்சைப் பிள்ளையும் பிடிக்கும். விடச் சொன்னா விடுறாரா எண்டுதான் நாங்க பாக்கிறம்."

"அப்ப?"

"இன்னும் சொல்லேலாது. ஆனா நம்பிக்கை குடுக்க என்னட்ட ஒண்டுமில்ல."

இதைத் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது என்று அன்றைய பார்வை நேரம் முழுவதும் யோசித்தபடி அவள் பக்கத்தில் நின்றேன். வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் சொன்னாள். நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொன்னார்.

"விடுங்க, நாளைக்கு வாறன்" என்றாள் அவனிடம். விடவில்லை. திரும்பவும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு.

"பாருங்க அண்ணன், போக விடுறாரில்ல."

"ஓம்" என்றேன். அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.